ரேடார் வைப்பதென்றால் அலையை அளக்கிற மாதிரி வையுங்கள்

சென்னை தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்துக்கும் கடல் நிலையை முன்னறிவிக்கும் ஐதராபாத் இன்காய்ஸ் மையத்துக்கும்,

வணக்கம். உவரி, கூடுதாழை, கூத்தங்குழி, இடிந்தகரை என்று நீளும் திருநெல்வேலிக் கரையிலிருந்து எழுதுகிறேன்.

கல்பாக்கத்திலும் கடலூரிலும் உள்ள கரையோர ரேடார்கள் முதன்மையாக நீவாட்டை, அதாவது கடல் நீரோட்டத்தை, பார்ப்பதற்காக வைத்தவை. எங்களுக்கும் ஒரு ஜோடி வேண்டும். ஆனால் அவற்றை அப்படியே இங்கே நகலெடுக்க வேண்டாம். கச்சான் என்ற மேல்காற்று அடிக்கும் ஆனி ஆடியில் வள்ளத்தை இறக்கலாமா கூடாதா என்பதை முடிவு செய்வது அலையின் உயரம்தான்.

ரேடார் அனுப்பும் ரேடியோ அலை உப்புநீர் மேல் படர்ந்து தொடுவானத்துக்கு அப்பாலும் போகும். தன் நீளத்தில் பாதி நீளமுள்ள கடலலைகளில் பட்டுத்தான் அது பலமாகத் திரும்பும். நீவாட்டைச் சொல்ல அந்தப் பெரிய எதிரொலி போதும். அலை உயரம் இருப்பதோ அதன் இருபக்கமும் ஒட்டியிருக்கும் மெலிந்த எதிரொலியில். 1972இல் அமெரிக்க விஞ்ஞானி டொனால்ட் பாரிக் அதற்குக் கணக்கு வகுத்துக் கொடுத்துவிட்டார். சிக்கல் அலைவரிசையைத் தேர்ந்தெடுப்பதில்தான்.

5 மெகாஹெர்ட்ஸ் அளவில் இயங்கும் நெடுந்தூர ரேடாருக்கு 30 மீட்டர் நீளமுள்ள கடலலை வேண்டும். கடல் சுமாராக இருக்கும் நாளில் அந்த மெலிந்த எதிரொலி இரைச்சலில் அமிழ்ந்துவிடும். சரி, 25 மெகாஹெர்ட்ஸுக்குப் போகலாம் என்றால், அலையின் உயரம் 4 மீட்டரை நெருங்கும்போது கணக்கு குழம்பும். அதாவது, நாங்கள் பயப்பட வேண்டிய நாளில்தான் கருவி கைவிடும். 13 மெகாஹெர்ட்ஸ் என்றால் சுமார் 7 மீட்டர் வரை தாங்கும். தூரம் குறையும், குறையட்டும். நாட்டுப்படகுக்காரனுக்கு 200 கிலோமீட்டர் தள்ளி உள்ள கடல் எதற்கு?

அப்புறம், கரைக்கு முன்னால் ஒரு மிதவையையும் போட்டு, கச்சான் காலத்திலும் வாடைக் காலத்திலும் இரண்டு அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். காற்றே இல்லாமல் தென்கடலிலிருந்து ஏறிவரும் கள்ளக்கடல் அலையை ரேடார் சரியாகப் பிடிக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும். கரை அரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு கட்டும் பொறியாளர்களுக்கும் அந்த அளவுகளைக் கொடுங்கள்.

ஆண்டெனா நீரோரத்தில்தான் நிற்க வேண்டும் என்பது தெரியும். கூடங்குளம் பக்கத்தில் புதிதாக எந்தக் கம்பம் முளைத்தாலும் ஊரில் கேள்வி வரும், அதில் தப்பும் இல்லை. முதலில் ஊர்க்கமிட்டியைக் கூப்பிட்டு, அது எதற்கு என்று தமிழில் சொல்லுங்கள். வள்ளம் ஏற்றும் மணலையும் வலை காயப்போடும் இடத்தையும் விட்டுவிட்டு வேறு இடம் பாருங்கள். எது தோதான இடம் என்று ஊர்க்காரர்களே காட்டுவார்கள்.

இப்படிக்கு,
உவரிக் கரைக்காரன் ஒருவன்