வட்ட வழக்கறிஞர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, கடைசி வரிசையில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் இளையவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரையிலான அறிக்கை இது. வழக்கமாகச் செயலாளர் அறிக்கை என்றால் குடிநீர்த் தொட்டி, வண்டி நிறுத்தம், பொங்கல் விழா என்று பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். இந்த முறை கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். சட்டம் மாறிய ஆண்டு. மாறியதை நம் மாநிலம் மறுபடி மாற்றப் பார்த்த ஆண்டும்கூட.

2024 ஜூலை 1 அன்று மூன்று புதிய குற்றவியல் சட்டங்களும் நடைமுறைக்கு வந்தன. 1860-ஆம் ஆண்டு தண்டனைச் சட்டத்தின் 511 பிரிவுகள் 358 ஆகச் சுருங்கின. நடைமுறைச் சட்டத்தின் 484 பிரிவுகளோ 531 ஆகப் பெருகின. வைத்த பெயர்கள் வாயில் நுழையாததால் பிஎன்எஸ் (தண்டனைச் சட்டம்), பிஎன்எஸ்எஸ் (நடைமுறைச் சட்டம்), பிஎஸ்ஏ (சாட்சியச் சட்டம்) என்றே சொல்லிப் பழகினோம். அந்த முதல் வாரம் மாநிலம் முழுக்க நடந்த புறக்கணிப்பில் நம் சங்கமும் கலந்துகொண்டது. கோர்ட் வாசலில் ஆர்ப்பாட்டம் நடத்தினோம். முதல் நாள் பந்தல் போதவில்லை, மூன்றாம் நாள் நிழல் மிச்சமிருந்தது என்பதையும் மினிட் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன்.

ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய சட்டம், பின் நடந்ததற்குப் புதியது. ஆக, இரண்டையும் சுமக்கிறோம். 302 என்றால் ஊரே கொலை என்று சொல்லும். பிஎன்எஸ்ஸில் அது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு. கொலை 103-க்குப் போய்விட்டது. மோசடிக்கு 318(4). 420 என்று ஒரு பிரிவே கிடையாது. எண் போனால் என்ன, திட்டுகிறவர்கள் இன்னும் அதே எண்ணைச் சொல்லித்தான் திட்டுகிறார்கள்.

இதில் நான் பட்ட அவமானத்தையும் பதிவு செய்துவிடுகிறேன். ஆகஸ்டில் என் ஜூனியர், "சார், அந்த அடிதடி கேசுல 482 போட்டுடலாமா?" என்று போனில் கேட்டார். என் மண்டையில் இருந்தது பழைய 482, அதாவது வழக்கையே ரத்து செய்யக் கோரும் மனு. "அது மதுரைக் கிளையிலதாம்ப்பா, கட்சிக்காரரை அனுப்பி வை" என்றேன். ஜூனியர் சொன்னது புதிய 482, முன்ஜாமீன். மாவட்டத் தலைநகரில் முடியவேண்டிய வேலைக்கு அந்த மனிதர் மாற்றுத்துணியோடு மதுரை பஸ்ஸில் ஏறிவிட்டார். பாதி வழியில் இறக்கித் திருப்பினோம். பஸ் கட்டணம் என் கணக்கில்.

சரி, மாநில அரசு என்ன செய்தது என்பதற்கு வருகிறேன். குற்றவியல் சட்டமும் நடைமுறையும், மத்திய அரசும் மாநிலமும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருப்பவை. மத்தியச் சட்டத்தை மாநிலம் திருத்தலாம். முரண்படும் திருத்தம் இங்கே செல்ல வேண்டுமானால் அரசமைப்பின் 254(2)-படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். ஜூலை 8 அன்று ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி எம். சத்தியநாராயணன் தலைமையில், புதிய சட்டங்களில் என்ன திருத்தலாம் என்று பரிந்துரைக்க ஒரு நபர் குழுவை முதலமைச்சர் அமைத்தார். கெடு ஒரு மாதம்.

நாமும் ஒரு மனு அனுப்பினோம். செயற்குழுவில் மூன்று பேர், நான்கு கருத்து. அதனால் வரைவு ஐந்து முறை மாறியது. பெரிய சண்டை பிஎன்எஸ்எஸ் 173(3) பற்றி. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் வழக்குப் பதியும் முன் 14 நாள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்கிறது அந்த உட்பிரிவு. பொய்ப் புகாரில் மாட்டுகிறவர்களுக்கு நல்லதுதானே என்றது ஒரு தரப்பு. "ஏற்கெனவே வழக்குப் பதியாம, புகாருக்குன்னு கொடுக்கிற சிஎஸ்ஆர் ரசீதைக் கையில கொடுத்துட்டு ரெண்டு தரப்பையும் உட்கார வைச்சுப் பேசுறாங்க. இந்த 14 நாள் கட்டப்பஞ்சாயத்துக்கு நாமளே கொடுக்கிற வாய்தா" என்றார் நம் மூத்த உறுப்பினர் ஒருவர். அந்த வாசகம் மனுவில் அப்படியே போக வேண்டும் என்று அடம்பிடித்தார். கொஞ்சம் நாகரிகமாக்கிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன், கெடு முடியும் தறுவாயில். தாமதத்துக்கு நான்தான் பொறுப்பு.

அப்புறம் டிசம்பரில் சென்னையில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமை. அதையடுத்து ஜனவரி 10 அன்று பிஎன்எஸ்ஸுக்கான தமிழ்நாடு திருத்த மசோதாவையும், பெண்களுக்குத் தொல்லை தருவதைத் தடுக்கும் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கான திருத்தத்தையும் முதலமைச்சர் பேரவையில் கொண்டுவந்தார். மறுநாளே நிறைவேறின. பாலியல் வன்கொடுமைக்குக் குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டிலிருந்து 14 ஆண்டு. குற்றவாளி காவல்துறையினராகவோ அரசு ஊழியராகவோ இருந்தால் 20 ஆண்டு. 12 வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் ஆயுள் அல்லது தூக்கு. பின்தொடர்ந்து தொல்லை தருவதற்கு ஐந்து ஆண்டு வரை.

இதைப் பற்றி ஜனவரி இறுதியில் நூலக அறையில் கலந்துரையாடல் வைத்தோம். தூக்கு வேண்டும், வேண்டாம் என்று ஒரு மணி நேரம் ஓடியது. மகளிர் நீதிமன்ற வழக்குகளை அதிகம் நடத்தும் நம் சகோதரி ஒருவர் அதுவரை பேசவேயில்லை. கடைசியில் எழுந்து சொன்னார்: "பத்து வருஷத்தைப் பதினாலு ஆக்குங்க, எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனா என் கட்சிக்காரப் பொண்ணு ஒரு தடவைகூட எத்தனை வருஷம் உள்ளே போடுவாங்கன்னு கேட்டதில்லை. அடுத்த வாய்தாவுக்கும் நான் வரணுமா மேடம்னுதான் கேட்கும்." சாட்சிக் கூண்டுக்கு வெளியே அந்தப் பெண்ணும் எதிரியின் உறவினர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பதையும் சொன்னார். அந்த பெஞ்சை நாம் எல்லோரும் தினமும் பார்க்கிறோம். சென்னை வழக்கிலோ ஐந்தே மாதத்தில், ஜூன் 2 அன்று, 30 ஆண்டுக்குக் குறையாத ஆயுள் தண்டனை வந்தது. எல்லா வழக்குக்கும் அந்த வேகம் வராது என்பது நமக்குத் தெரியும். எனவே சாட்சிகளுக்குத் தனி அறையும், விசாரணையைத் தொடர்ந்து நாள்தோறும் நடத்தக் கூடுதல் நீதிபதியும் கேட்டுத் தீர்மானம் போட்டோம். அறை மட்டும் கிடைத்திருக்கிறது. பழைய ரெக்கார்டு அறை. மின்விசிறியைச் சங்கம் வாங்கிக் கொடுத்தது.

மாநிலத் திருத்தம் என்றால் முகம் சுளிக்கும் நண்பர்களுக்காக ஒன்று. சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட மதிப்புத் தந்த 7-ஏ பிரிவை 1967-இல் நம் மாநிலம் இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்தது. மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று 1989-இலேயே இங்கே திருத்தினார்கள். மத்தியச் சட்டம் 2005-இல்தான் வந்தது. ஆனால் 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணம் ஆன மகளுக்கு அந்தத் திருத்தத்தில் பங்கில்லை. அதனால் பாகப்பிரிவினை வழக்கில் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைகள் சான்றாவணமாக வந்த காலம் அது. முகூர்த்தத் தேதி ஒரு மாதம் முந்திப்போனதால் தோற்ற அக்காவையும், பிந்தியதால் ஜெயித்த தங்கையையும் நம் தலைவர் ஒரே வழக்கில் பார்த்திருக்கிறார். ஒரு திருத்தத்தில் ஒரு தேதியைப் போடுகிறவர் எத்தனை வீட்டுக்குள் கை வைக்கிறார் என்பதற்கு இதைவிட நான் என்ன சொல்ல.

சிவில் பக்கம் இந்த ஆண்டு முழுக்கப் பத்திரப் பதிவுதான். போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று 2022-இல் மாநிலம் பதிவுச் சட்டத்தில் சேர்த்த 77-ஏ பிரிவு செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் தீர்ப்பளித்தது. சொத்து யாருடையது என்பது சிவில் நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டியது, அதிகாரி மேசையில் முடிகிற காரியமல்ல. சட்டப்படி தீர்ப்பு சரி. நமக்கு வழக்கும் கூடும். ஆனாலும் ஒரு மனு எழுதிக் கொடுத்துவிட்டு நம்பிக்கையோடு இருந்த பெரியவர்கள் அந்தக் காகிதத்தோடு நம் வராண்டாவில் வந்து நின்றபோது எனக்குச் சந்தோஷமாக இல்லை. நீதிமன்றக் கட்டணம், இடத்தைப் பார்வையிட நீதிமன்றம் அனுப்பும் கமிஷனருக்கான செலவு, ஆண்டுகள் என்று நான் அடுக்கிக்கொண்டே போக, ஒருவர் இடைமறித்து, "போலியா எழுதினவனுக்கு ஒரு நாள்தான் ஆச்சு தம்பி" என்றார். அவருக்காக நம் இலவச சட்ட உதவிப் பிரிவு வழக்குத் தாக்கல் செய்திருக்கிறது.

முந்தைய அசல் பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவு என்ற, மாநிலப் பதிவு விதிகளின் 55-ஏ விதியை உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 7 அன்று ரத்து செய்தது. பதிவாளர் உரிமையை ஆராய மூலச் சட்டத்தில் இடமில்லை, விதி மட்டும் எப்படி வரும் என்பது காரணம். அந்த மாதக் கடைசியிலேயே அதைச் சட்டமாகவே கொண்டுவரும் திருத்த மசோதா பேரவையில் நிறைவேறியது. போலியைத் தடுக்கும், உண்மைதான். ஆனால் மூலப் பத்திரம் கரையான் அரித்தவர்களும், பீரோவில் பூட்டி வைத்துக்கொண்டு தர மறுக்கும் அண்ணன்களின் தம்பிகளும்தான் நம்மிடம் பெரும்பாலும் வருகிறார்கள். காவல் நிலையத்தில் "கண்டுபிடிக்க இயலவில்லை" என்ற சான்று வாங்க அலைந்தவர்களைக் கேட்டால் தெரியும். பீரோ சாவி அண்ணனிடம் இருக்கும்போது பத்திரம் காணாமல் போனதாக எப்படிப் புகார் எழுதுவது? இதற்கு வழி கேட்டுப் பதிவுத்துறைக்கு எழுதியிருக்கிறோம்.

கடன் வசூலில் மிரட்டினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம் என்ற மசோதாவும் ஏப்ரலில் நிறைவேறியது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லிருந்தே இருக்கிறது. சந்தைப்பேட்டையில் ரன் வட்டி என்ற கொடும் வட்டியும் இருக்கிறது. அடுத்த ஆண்டு பேசுவோம்.

மற்றவை. பிப்ரவரியில் மத்திய அரசின் வழக்கறிஞர் சட்டத் திருத்த வரைவை எதிர்த்த போராட்டத்தில் பங்கேற்றோம். வரைவு திரும்பப் பெறப்பட்டது. பெண் வழக்கறிஞர்களுக்கான கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாயிற்று, இதைச் சாதனையாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மறைந்த இரண்டு உறுப்பினர்களுக்கும் அஞ்சலி செலுத்தினோம். வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியல் அவரிடம் இருக்கிறது, பெயர் வாசிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக, பழைய பிரிவுக்குப் புதிய பிரிவு எது என்று காட்டும் ஒப்பீட்டு அட்டவணையை நூலகச் சுவரில் ஒட்டியிருந்தோம். மார்ச் மாதம் அதை யாரோ உரித்துக்கொண்டு போய்விட்டார்கள். எடுத்தவர் எந்தப் பிரிவில் வருவார் என்பது அந்த அட்டவணையிலேயே இருக்கிறது, 379-க்கு எதிரில் பார்க்கவும். திங்கட்கிழமைக்குள் திருப்பி ஒட்டிவிட்டால் நடவடிக்கை இல்லை.

இப்படிக்கு,
செயலாளர்