ஏட்டையாவையும் கொஞ்சம் எழுதுங்கள்: குற்றக்கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் குற்றக்கதை எழுதும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், அதை வெப் சீரிஸ் ஆக்குகிற இயக்குநர்களுக்கும்,

மார்த்தாண்டத்தில் இருந்து எழுதுகிறேன். உங்கள் புத்தகங்களைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிற ஆள் என்பதால் கொஞ்சம் உரிமை எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் போலீஸ்காரர்கள் எல்லாரும் ஒரே ஆளாக இருக்கிறார்கள். மூன்று நாள் தாடி, தூக்கமில்லாத கண், செத்துப்போன மகள் அல்லது விட்டுப்போன மனைவி, மேசை டிராயரில் ஒரு குவாட்டர். விசாரணை என்று கூட்டி வந்தவனைப் போட்டு மிதிப்பார், கடைசியில் வில்லனைச் சுட்டுவிடுவார், பின்னால் பி.ஜி.எம். அலறும். இவர் நல்லவரா கெட்டவரா என்று பின்னட்டையில் ஒரு கேள்வி வேறு. அட போங்கப்பா. அடி வாங்குகிறவன் எல்லாம் குற்றவாளிதான் என்று கதை முதல் அத்தியாயத்திலேயே முடிவு கட்டிவிட்டால் அப்புறம் அதில் குழம்ப என்ன இருக்கிறது? அவர் நல்லவர்தான், கொஞ்சம் முரட்டு நல்லவர், அவ்வளவுதான்.

நுவார் என்கிற இருண்ட குற்றக்கதை வகையை உருவாக்கியவர்கள் தங்கள் போலீஸுக்கு இந்தச் சலுகையைக் கொடுக்கவில்லை. அமெரிக்காவில் ஷெரிப்பாக, அதாவது வட்டாரப் போலீஸ் தலைவராக, இருந்தவரின் மகனான ஜிம் தாம்ப்சன் 1952-ல் எழுதிய நாவலில், கதை சொல்கிற துணை ஷெரிப்தான் கொலைகாரன். ஆர்சன் வெல்ஸ் 1958-ல் எடுத்து அவரே நடித்த 'டச் ஆஃப் ஈவில்' படத்தில் வரும் க்வின்லன் என்ற போலீஸ் அதிகாரி, சந்தேகப்பட்டவன் வீட்டில் டைனமைட்டை வைத்துவிட்டு அங்கே கண்டெடுத்ததாகக் கணக்குக் காட்டுகிறார். கடைசியில் அந்த ஆளே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத் தகவல் வருகிறது. சாட்சியம் பொய், ஆள் சரி. கைதட்டவும் முடியாது, திட்டிவிட்டு எழுந்து போகவும் முடியாது. அதுவும் ஒரு எல்லை ஊர்க் கதை, எங்கள் களியக்காவிளை மாதிரி.

இதை அமெரிக்காவில் இருந்து இறக்குமதி செய்ய வேண்டிய அவசியமே இல்லை, நம் சட்டத்திலேயே இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல். போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. 1872-ல் வந்த சாட்சியச் சட்டத்தில் இது 25-வது பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமத்தில் 23-வது பிரிவு. வெள்ளைக்காரனுக்கே தன் போலீஸ் மேல் நம்பிக்கை இல்லை பாருங்கள். ஆனால் அதிலேயே ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். காவலில் இருக்கிறவன் சொன்னதை வைத்து ஒரு பொருள் கிடைத்தால், அது கிடைக்கக் காரணமான அந்த ஒரு பகுதி மட்டும் செல்லும். ஆகவே எப்படியாவது ஒரு கத்தி கிடைத்தாக வேண்டும். பொருளைக் கைப்பற்றியதாக எழுதுகிற மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போட வி.ஏ.ஓ.வும் அவருடைய உதவியாளரும் வருவார்கள். சில வழக்குகளில் குற்றவாளியே மனம் வருந்தி வி.ஏ.ஓ.வைத் தேடிப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வான், ஏனென்றால் வி.ஏ.ஓ. போலீஸ் இல்லை, அவரிடம் சொன்னால் செல்லும்! தமிழ்நாட்டுக் கொலை வழக்குத் தீர்ப்புகளைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள், வி.ஏ.ஓ. என்றாலே ஜனங்களுக்கு மனம் இளகிவிடும் போல.

அடுத்தது சாட்சி வாக்குமூலம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 161-வது பிரிவு, இப்போது அதற்குப் பதில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 180. போலீஸ் அதை எழுதலாம், ஆனால் சாட்சி அதில் கையெழுத்துப் போடக்கூடாது என்பதே சட்டம். டீக்கடைக்காரர் என்ன பார்த்தார் என்று ராத்திரி ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதுகிறவர் ஒருத்தர், பல மாதமோ வருஷமோ கழித்துக் கூண்டில் ஏறி, நான் அப்படிச் சொல்லவே இல்லையே என்று நிற்கிறவர் இன்னொருத்தர். அவரைப் பிறழ்சாட்சி என்பார்கள். எழுதினவர் கூட்டி எழுதினாரா, சொன்னவர் பயந்தாரா, காசு வாங்கினாரா? இதுதான் நாவல். நீங்களோ குடோனில் சண்டைக்காட்சி எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஒரு ஏட்டையாவை நினைத்துக்கொள்ளுங்கள். ரிட்டயர்மெண்ட் நெருங்குகிறது, ஸ்டேஷன் எல்லையில் எந்த வீட்டில் யாருக்கு யாரோடு பகை என்று விரல் நுனியில் வைத்திருக்கிறவர். கொன்றது யாரென்று அவருக்குத் தெரியும், ஊருக்கே தெரியும், ஆனால் நிரூபிக்க ஒன்றுமில்லை. டி.எஸ்.பி. கேட்பார், விடிவதற்குள் ரெக்கவரி காட்ட வேண்டும் என்று இன்ஸ்பெக்டர் சொல்லிவிட்டார். ரப்பர் தோட்டத்தில் வெட்டுக்காரர்கள் நெற்றி லைட்டோடு இறங்குகிற நேரத்தில் ஒரு கத்தி 'கிடைக்கிறது'. மகஜர் எழுத வேண்டியது இவர். எழுதாவிட்டால் அவன் ஜாமீனில் வந்து செத்தவனின் மனைவி வீட்டு வாசலில் நிற்பான். எழுதினால் அடுத்த வழக்கில் செங்கல் சூளைக்கு வேலைக்கு வந்த, பாஷை தெரியாத ஒரு பையன் பெயரையும் அதே கை எழுதும், அப்போது எழுதச் சொல்கிற இன்ஸ்பெக்டருக்கு யார் கொன்றதென்றே தெரியாமல்கூட இருக்கலாம். இந்த ஏட்டையாவுக்குச் செத்த மகள் வேண்டாம், குவாட்டரும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிற சாதாரண மனுஷனாக இருக்கட்டும்.

நுவாருக்கு மழை வேண்டும் என்பீர்கள், எங்களுக்கு வருஷத்துக்கு இரண்டு பருவமழை. ரேஷன் அரிசி கடத்துகிற வேனும் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிய லாரியும் கேரளாவுக்குப் போகிற சோதனைச் சாவடிகள் இருக்கின்றன. பழைய கதை வேண்டுமென்றால் 1954 ஆகஸ்ட் 11 இருக்கிறது. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று போராடியவர்களை மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் திருவிதாங்கூர்-கொச்சி போலீஸ் சுட்டது. முதலமைச்சராக இருந்தது பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணுப்பிள்ளை, அவரை ராஜினாமா செய்யச் சொன்னவர் அதே கட்சியின் பொதுச்செயலாளரான ராம் மனோகர் லோகியாவே. அன்று துப்பாக்கி பிடித்த கான்ஸ்டபிளை நான் இதுவரை ஒரு தமிழ்க் குற்றக்கதையிலும் பார்க்கவில்லை.

2020 ஜூனில் சாத்தான்குளம் நடந்தது. தந்தையும் மகனும் காவலில் அடிபட்டுச் செத்தார்கள். அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர், கூட வேலை செய்தவர்களுக்கு எதிராக மாஜிஸ்திரேட்டிடம் சாட்சி சொன்னார். அவரை அப்படியே தூக்கிக் கதையாக்கச் சொல்லவில்லை, அது அநாகரிகம். ஆனால் அதற்குப் பிறகும் லாக்கப்பில் அடிக்கிற ஹீரோவை நம்மால் எப்படி ரசிக்க முடிகிறது என்பது எனக்குப் பிடிபடவில்லை. பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை முறிந்தது என்று மாவுக்கட்டு போட்டோ வந்தால் சிரித்துக்கொண்டே ஷேர் பண்ணுகிறவர்களும் நாம்தான். அந்தச் சிரிப்புக்கு உங்கள் கதைகளிலும் பங்கு இருக்கிறது என்று சொன்னால் கோபப்படாதீர்கள்.

இப்படி எழுதினால் விற்காது, மாஸ் இல்லை என்பீர்கள். சரி, ஒன்று மட்டும் செய்யுங்கள். நாகர்கோவில் மாவட்ட நீதிமன்றத்தில் ஏதாவது ஒரு கொலை வழக்கு விசாரணைக்கு வருகிற நாளில் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள், பெரும்பாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். விசாரணை அதிகாரியை எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணை செய்வதை முழுசாகக் கேளுங்கள், கத்தி எடுத்த இடத்தில் வெளிச்சம் எப்படி இருந்தது, மகஜர் எழுதியது எந்தப் பேனாவில் என்பது வரைக்கும் போகும். வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன். போனை மட்டும் ஆஃப் பண்ணி வைக்க வேண்டும், இல்லையென்றால் கோர்ட் சேவகரான டவாலி பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்.