நடந்தால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதியோர் உடல்நலம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், எலும்புத் தேய்மானம் என்று எல்லாம் இருந்தது. கடைசியில் வழக்கம்போல ‘தினமும் அரை மணி நேரம் நடங்கள்’ என்ற அறிவுரை. விழாமல் நிற்பதைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. உலகத்தில் விபத்துக் காயங்களால் நேரும் சாவுகளில், சாலை விபத்துகளுக்கு அடுத்த இடம் தவறி விழுவதற்குத்தான்.

நடப்பதை நான் குறை சொல்லவில்லை, நானும் நடப்பவன்தான். ஆனால் தடுமாறாமல் இருக்கும் திறன் நடையோடு தானாக வந்து ஒட்டிக்கொள்வதில்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019-ல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 60 வயதைக் கடந்தவர்களிடம் 25 நாடுகளில் நடந்த 108 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. சமநிலைப் பயிற்சி செய்தவர்கள் விழுவது ஏறக்குறைய கால் பங்கு குறைந்திருந்தது. நடைப்பயிற்சியால் மட்டும் அப்படிக் குறையும் என்று சொல்ல ஆதாரம் போதவில்லை.

கண், உள்காது, பாதமும் மூட்டும் தசையும் அனுப்பும் உணர்வு, இந்த மூன்றையும் வைத்துத்தான் மூளை நம்மை நிமிர்த்தி நிறுத்துகிறது. ஒன்று மங்கினால் மற்றவை ஈடுகட்டும். அதனால் காலின் உணர்வு குறைந்ததே பல பேருக்குத் தெரிவதில்லை, கண் சமாளித்துக்கொண்டிருக்கும். முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடியதும் கை தானாகச் சுவரைத் தேடுகிறதா? அப்படியானால் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

பயிற்சிக்குச் செலவே கிடையாது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு காலைத் தூக்கி நின்று பாருங்கள். ஊன்றிய காலின் கணுக்காலைச் சுற்றித் தசைகள் விட்டுவிட்டுத் துடிக்கும், பாதம் உள்ளேயும் வெளியேயும் சாயும். பயந்து காலை இறக்கிவிடாதீர்கள், அந்த ஆட்டம்தான் பயிற்சி. நாளாக ஆக முழுக் கைப்பிடியை இரண்டு விரலாக்கலாம், பிறகு ஒரு விரல், அப்புறம் கை மேடைக்கு மேலே சும்மா இருந்தால் போதும். ஒரு பாதத்தின் குதிகாலை இன்னொன்றின் விரல் நுனியில் ஒட்டிவைத்து நேர்கோட்டில் நடப்பது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது, இதெல்லாம் கூடச் சேர்க்கலாம். தலைசுற்றல் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது. தூக்க மாத்திரைகூடத் தள்ளாட வைக்கும்.

இது கிழவர்கள் விஷயம் என்று நினைக்கும் நாற்பது வயதுக்காரர்கள், உட்காராமல் காலுறை போட முடிகிறதா என்று பார்க்கட்டும். பிரேசிலில் 51 முதல் 75 வயதுவரை உள்ள 1,702 பேரை 10 விநாடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. அவர்களிடையே அடுத்த ஆண்டுகளில் இறப்பு அதிகமாக இருந்தது என்று 2022-ல் எழுதினார்கள். உடனே ‘ஒற்றைக் காலில் நின்றால் ஆயுள் கூடும்’ என்று வாட்ஸ்அப்பில் யாரும் கிளப்பிவிட வேண்டாம், ஆய்வு அப்படிச் சொல்லவில்லை.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது வேறு. ஒருவர் ஒரு தடவை விழுந்துவிட்டால் போதும், ‘நீங்க எழுந்திரிக்கவே வேண்டாம், எது வேணும்னாலும் நாங்க கொண்டுவந்து தர்றோம்’ என்று வீடே சேர்ந்து அவரை உட்கார வைத்துவிடுகிறது. அன்பில்தான் சொல்கிறார்கள், சரி. ஆனால் உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை கரையும், பயம் வளரும், அடுத்த முறை எழும்போது விழும் வாய்ப்பு இன்னும் கூடும். பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டு அவரை எழுந்து நிற்க வைப்பதுதான் உண்மையான உதவி.

ஓர் இயன்முறை மருத்துவரைக் கொண்டு இதை ஒரு தொடராக எழுத வையுங்கள். படங்களோடு, பெரிய எழுத்தில் வரட்டும். கைத்தடி வைத்திருப்பவர்கள் எப்படிச் செய்வது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்