பட்டன் தட்டத் தெரிகிறது, திரையை வாசிக்கத் தெரியவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், புள்ளியியல் அறிமுக வகுப்பில் கிராஃபிங் கால்குலேட்டரை, அதாவது கணக்கோடு வரைபடமும் போட்டுக் காட்டும் கருவியை, அனுமதித்தால் பிள்ளைகள் சோம்பேறியாகிவிடுவார்கள், பட்டனைத் தட்டினால் விடை வந்துவிடுகிறது, அப்புறம் வாத்தியார் எதற்கு, வகுப்பு எதற்கு என்று கேட்டிருந்தார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பாடத்தைப் பல வருடங்களாக முதலாண்டு மாணவர்களுக்கு, அதுவும் கால்குலேட்டரைக் கையில் கொடுத்தே நடத்துகிறவன் என்ற முறையில் எனக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது, கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டனைத் தட்டினால் விடை வரும் என்கிறார் அல்லவா, அங்கேதான் நான் அவரோடு ஒத்துப்போகவில்லை. திரை நிறைய எண்கள் வரும், அவ்வளவுதான். அதில் எது நமக்கு வேண்டியது, எது வேண்டாதது, மொத்தமுமே தப்பா என்பதெல்லாம் அந்தக் கருவிக்குத் தெரியாது.

ஒரு விடைத்தாள் இன்னும் என் நினைவில் இருக்கிறது. இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-சோதனை. குழுக்களுக்குள் வேறுபாடு இல்லை என்று வைத்துக்கொள்வது இன்மைக் கருதுகோள். அது உண்மையாக இருந்தும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வேறுபாடு தற்செயலாக வர எவ்வளவு வாய்ப்பு என்பது பி-மதிப்பு, அது 0.05-க்குக் கீழே போனால் இன்மைக் கருதுகோளை நிராகரிப்பது வழக்கம். கருதுகோள்களைச் சரியாக எழுதியிருந்தார், எந்தச் சோதனை, ஏன் அந்தச் சோதனை என்று காரணம் சொல்லியிருந்தார், தரவுகளையும் பிழையில்லாமல் உள்ளிட்டிருந்தார். கடைசி வரியில் ‘பி-மதிப்பு 2.3, இது 0.05-ஐ விடப் பெரியது, ஆகவே இன்மைக் கருதுகோளை நிராகரிக்க முடியாது’ என்று முடித்துவிட்டார். திரையில் 2.3-க்குப் பின்னால் குட்டியாக ‘இ’ என்ற ஆங்கில எழுத்தும் அதையடுத்து -4-ம் இருந்திருக்கும். அதாவது 0.00023. தசமப் புள்ளியை நாலு இடம் இடப்பக்கம் தள்ளுங்கள் என்று கருவி சொல்கிறது, இவர் அந்த வாலை வெட்டிவிட்டு எழுதிவிட்டார். முடிவு தலைகீழாகிப்போனது. பி-மதிப்பு ஒரு நிகழ்தகவு, எந்த நிகழ்தகவும் 1-ஐத் தாண்டாது என்பது முதல் மாதமே நடத்திய பாடம். அந்த ஒரு விஷயம் கை வசம் இருந்திருந்தால் 2.3 என்று எழுதும்போதே பேனா நின்றிருக்கும்.

இதைக் கருவியின் குற்றம் என்று சொல்லலாமா? கருவியைப் பிடுங்கிவிட்டு டி-அட்டவணையைக் கொடுத்திருந்தால் இந்தத் தப்பு நடந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நிகழ்தகவு 1-ஐத் தாண்டாது என்பது அவர் மனதில் பதியவில்லை என்ற விஷயமும் கடைசிவரை யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

அட்டவணை என்றதும் நினைவுக்கு வருகிறது. பழைய முறைதான் உண்மையான புள்ளியியல் என்று சொல்கிறவர்கள் புத்தகத்தின் பின்பக்க அட்டவணைகளை ஏதோ வேதம் மாதிரிப் பேசுகிறார்கள். அந்த டி-அட்டவணைக்கு மூலம் 1908-ல் வில்லியம் கோசெட் ‘ஸ்டூடண்ட்’ என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரை. டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்தவர், கையில் இருப்பது சின்ன மாதிரிதான் (மொத்தத்திலிருந்து எடுத்த ஒரு பகுதி), அதை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் பேசலாம் என்பது அவருடைய அன்றாடத் தலைவலி, அதற்காக உட்கார்ந்து கணக்குப் போட்டு அட்டவணை தயாரித்தார். நாம் அவர் போட்ட கணக்கை எடுத்துப் பயன்படுத்துகிறோம். அட்டவணையைப் பார்த்து எழுதுவதும் இன்னொருவர் போட்டுவைத்த கணக்கை நம்புவதுதான். அதில் மட்டும் மூளை மழுங்காதாம்.

சரி, அதற்காகக் கையால் எதுவுமே போட வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்லும் திட்ட விலக்கத்தை ஒவ்வொரு மாணவரும் ஒரு முறையாவது கையால் போட வேண்டும், ஐந்தே எண்களுக்கு. நான் கொடுப்பது 4, 6, 7, 8, 10. சராசரி 7. விலக்கங்கள் -3, -1, 0, 1, 3. வர்க்கங்களைக் கூட்டினால் 20. இதை 5-ஆல் வகுத்தால் 4, அதன் வர்க்கமூலம் 2. அதே 20-ஐ, எண்ணிக்கையில் ஒன்று குறைத்து, 4-ஆல் வகுத்தால் 5, வர்க்கமூலம் சுமார் 2.236. இப்போது கால்குலேட்டரை எடுக்கச் சொல்வேன். ஸ்டாட் பட்டன், எடிட், எல்1 பட்டியலில் அந்த ஐந்து எண்கள், அப்புறம் ஒன்-வார் ஸ்டாட்ஸ், அதாவது ஒரு பட்டியலின் சராசரி, திட்ட விலக்கம் போன்றவற்றைக் கேட்கும் கட்டளை. திரையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எஸ்எக்ஸ் 2.236, சிக்மாஎக்ஸ் 2 என்று இரண்டும் வந்து நிற்கும். வகுப்பில் ஒரு சின்ன ‘ஓ’ கேட்கும், அதற்காகத்தான் இவ்வளவு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். முழுமைத் தொகுதியும் கையில் இருந்தால் சிக்மா, மாதிரி மட்டும் கையில் இருந்தால் எஸ். எது நம்மிடம் இருக்கிறது என்பதைக் கருவியால் கண்டுபிடிக்க முடியாது, அதனால்தான் இரண்டையும் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. இந்த வேறுபாடு புரிந்த பிறகு நாற்பது எண்களுக்குத் திட்ட விலக்கத்தைக் கையால் போடச் சொல்வது தண்டனை, அதில் பாடம் எதுவும் இல்லை.

இன்னொரு இடம், எல்லோரும் வழுக்கி விழுவது. ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டி எட்டு தடவை தலை விழுந்திருக்கிறது. நாணயம் ஒழுங்கானதாக இருந்தால் எட்டு அல்லது அதற்கு மேல் தலை விழ வாய்ப்பு எவ்வளவு? கால்குலேட்டரில் பைனாம்சிடிஎஃப் என்று ஒன்று இருக்கிறது, அது பூஜ்யத்திலிருந்து நீங்கள் கொடுக்கும் எண் வரைக்குமான நிகழ்தகவுகளைக் கூட்டித் தரும், கொடுத்த எண்ணும் அதில் சேர்த்தி. எட்டும் அதற்கு மேலும் வேண்டுமென்றால் 7 வரைக்கும் கூட்டியதை 1-லிருந்து கழிக்க வேண்டும், விடை 0.0547. கேள்வியில் எட்டு என்று இருக்கிறதே என்று 8-ஐப் போட்டுக் கழித்தால் 0.0107 வரும், அது ஒன்பதும் பத்தும் விழும் வாய்ப்பு மட்டுமே. ஒரு எண்தான் வித்தியாசம், ஆனால் முன்பு சொன்ன 0.05, அதாவது 5 சதவீதக் கோட்டுக்கு ஒன்று மேலே, ஒன்று கீழே. ஒருத்தர் நாணயத்தைச் சந்தேகிக்கப் போதுமான ஆதாரம் இல்லை என்பார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் நாணயத்தில் கோளாறு என்று தீர்ப்பே எழுதிவிடுவார். இருவர் கையிலும் ஒரே கருவி.

மணி வடிவ வளைகோட்டின் கீழுள்ள பரப்பைத் தரும் நார்மல்சிடிஎஃப் கேட்க வேண்டிய இடத்தில் நார்மல்பிடிஎஃப் கேட்டு வளைகோட்டின் உயரத்தை நிகழ்தகவு என்று எழுதுவது, கழித்தல் பட்டனையும் எதிர்மறைக் குறிக்கான தனி பட்டனையும் குழப்பிக்கொண்டு சின்டாக்ஸ் எரர் வாங்குவது, இதெல்லாம் இரண்டு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும், விட்டுவிடுகிறேன்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது வேறு விஷயத்தில். பெயரிலேயே கிராஃப் இருக்கிற கருவியை வாங்கிவைத்துக்கொண்டு யாரும் கிராஃப் பட்டனைத் தொடுவதே இல்லை! காசியோ நிறுவனம் 1985-ல் எஃப்எக்ஸ்-7000ஜி என்று முதல் கிராஃபிங் கால்குலேட்டரைக் கொண்டுவந்தபோது புதுமையே அந்தப் படம்தான். நம் பிள்ளைகள் இரண்டு பட்டியலை உள்ளிட்டு நேராகத் தொடர்புப் போக்குக் கோட்டுக்கு (புள்ளிகளுக்கு நெருக்கமாகப் போகும் நேர்கோடு) போய், ஒட்டுறவுக் கெழுவை (‘ஆர்’, புள்ளிகள் எவ்வளவு நெருக்கமாக நேர்கோட்டில் அமைகின்றன என்று -1-லிருந்து 1 வரை சொல்லும் எண்) பார்த்து, 0.8-க்கு மேல் என்றால் ‘வலுவான நேர்கோட்டுத் தொடர்பு’ என்று மனப்பாட வாக்கியத்தை எழுதிவிடுகிறார்கள். (டெக்சஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் டிஐ-84 வகையில் அந்தக் கெழுவே தெரியாது, டயக்னாஸ்டிக் என்ற அமைப்பை ஆன் செய்தால்தான் தெரியும். ‘சார், என் கால்குலேட்டரில் ஆர் வரவில்லை’ என்பது வருடா வருடம் நான் கேட்கும் பாட்டு.)

இதற்குப் புள்ளியியலாளர் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் 1973-லேயே மருந்து கொடுத்துவிட்டார். நான்கு தரவுத் தொகுப்புகள், ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்கிலும் எக்ஸ் சராசரி 9, ஒய் சராசரி 7.5, ஒட்டுறவுக் கெழு சுமார் 0.816, கோடும் ஒன்றுதான்: 3 கூட்டல் எக்ஸில் பாதி. வகுப்பை நான்கு குழுவாகப் பிரித்து, யாருக்கு என்ன கொடுத்தேன் என்று சொல்லாமல் ஆளுக்கொரு தொகுப்பைக் கொடுத்துவிடுவேன். எண்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எல்லோருக்கும் ஒரே தரவுதான் சார் என்று சலிப்பாகச் சொல்வார்கள். இப்போது படத்தைப் போடுங்கள் என்பேன். புள்ளிகளைத் திரைக்குள் பொருத்திக் காட்டும் ஜூம்ஸ்டாட்டை அமுக்குகிறார்கள். ஒரு குழுவுக்கு வழக்கமான சிதறல், இன்னொரு குழுவுக்கு அழகாக வளைந்து இறங்கும் வளைவு, மூன்றாவதில் புள்ளிகள் கோடு பிடித்த மாதிரி நிற்க ஒன்று மட்டும் எகிறிக்கொண்டு மேலே போகிறது. நான்காவது இருக்கிறதே, அதில் பத்துப் புள்ளிகள் எக்ஸ் 8-ல் செங்குத்தாக அடுக்கிவைத்தது போல் இருக்கும், ஒரே ஒரு புள்ளி தூரத்தில் 19-ல் தனியாக நிற்கும், அந்த ஒன்றை எடுத்துவிட்டால் கோடு போடவே வழி இல்லை. கால்குலேட்டர்களைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்ப்பார்கள். அந்தப் பத்து நிமிடத்தை அச்சடித்த அட்டவணையை வைத்துக்கொண்டு யாராவது நடத்திக் காட்டட்டும், நான் கருவியைக் கீழே வைத்துவிடுகிறேன்.

கருவி எல்லாம் தெரிந்தது என்ற மயக்கத்தைத் தெளியவைக்கவும் கருவியே போதும். 1 முதல் 7 வரை எண்களைப் போட்டு முதல் கால்மானம், மூன்றாம் கால்மானம் (வரிசைப்படுத்திய தரவை நான்காகப் பிரிக்கும் எண்கள்) கேளுங்கள், டிஐ கால்குலேட்டர் 2, 6 என்னும். எக்செல்லில் வழக்கமான முறையில் கேட்டால் 2.5, 5.5 என்னும். இரண்டும் சரிதான், வரையறை வேறு. அதே போல ஒரு நாள் எல்லோருடைய கால்குலேட்டரையும் ரீசெட் செய்துவிட்டுப் பகடை உருட்டும் பயிற்சி வைத்தேன், சமவாய்ப்பு எண்கள், அதாவது தற்செயலாக விழும் எண்கள் பற்றி ஒரு பாடம் நடத்தலாம் என்று. வகுப்பு முழுக்க ஒரே வரிசையில் எண்கள் விழுந்தன. முதலில் ஒருவர் பக்கத்தில் இருந்தவர் காப்பியடிக்கிறார் என்றார், அப்புறம் பின்வரிசையிலும் அதே எண்கள் என்று தெரிந்ததும் எனக்கே வியர்த்துவிட்டது. ரீசெட் செய்தால் எல்லாக் கருவியும் ஒரே தொடக்க எண்ணிலிருந்து கிளம்பும், அவரவர் ஏதாவது ஒரு எண்ணை ரேண்ட் என்ற சமவாய்ப்பு எண் கட்டளையில் போட்டுவைத்தால் பிரிந்துவிடும். நான் திட்டமிட்ட பாடத்தை விட அது நல்ல பாடமாகப் போனது.

கருவி இல்லாதவர்கள் என்ன செய்வது என்று யாராவது கேட்டால், ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள் இலவசம், அதில் இவை எல்லாமே முடியும். பிராண்டுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை.

என் கோரிக்கை தேர்வுத்தாள் தயாரிப்பவர்களிடம்தான். கால்குலேட்டரை அனுமதித்துவிட்டு ‘சராசரி காண்க, திட்ட விலக்கம் காண்க’ என்று மதிப்பெண் ஒதுக்கினால் கடிதம் எழுதிய வாசகர் சொன்னதுதான் நடக்கும், பட்டன் தட்டியதற்கு மதிப்பெண். கால்குலேட்டரைத் தடை செய்தால் பாதி நேரம் கூட்டலுக்கும் வர்க்கமூலத்துக்கும் போய்விடும். திரையையே கேள்வித்தாளில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டு அதை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நான் என் வகுப்பில் வைத்த கேள்வி ஒன்றைச் சொல்கிறேன். 40 மாணவர்களிடம் உடன்பிறந்தோர் எத்தனை பேர் என்று கேட்டதில் 0 என்றவர் 5 பேர், 1 என்றவர் 14, 2 என்றவர் 13, 3 என்றவர் 6, 4 என்றவர் 2. ஒரு மாணவி 0 முதல் 4 வரையிலான எண்களை எல்1-லும் ஆட்களின் எண்ணிக்கையை எல்2-விலும் போட்டு ஒன்-வார் ஸ்டாட்ஸ் கேட்டார், திரையில் சராசரி 2, n (கருவி எண்ணிய தரவுகளின் எண்ணிக்கை) 5 என்று வந்தது. அவர் எங்கே தவறினார், திரையில் எந்த எண்ணைப் பார்த்திருந்தால் உடனே பிடித்திருக்கலாம், சரியான சராசரி 2-ஐ விடக் கூடுமா குறையுமா, கணக்குப் போடாமலே எப்படிச் சொல்வீர்கள்?

இதில் கடைசிப் பகுதிக்கு நான் வைத்த மதிப்பெண்தான் அதிகம், கிடைத்ததும் அதில்தான் குறைவு. (1.65 என்று விடையைப் போட்டவர்கள் ஏராளம், ஏன் குறையும் என்று ஒரு வரி எழுதியவர்கள் கொஞ்சம் பேர்தான்.) கடிதம் எழுதிய வாசகருக்குத் தெரிந்த மாணவர் யாரும் கையில் கிராஃபிங் கால்குலேட்டரோடு இருந்தால் இந்தக் கேள்வியைக் கொடுத்துப் பார்க்கட்டும். என்ன பதில் வந்தது என்று இதே பகுதியில் அவர் எழுதினால் முதல் ஆளாகப் படிப்பேன்.

இப்படிக்கு,
புள்ளியியல் ஆசிரியர் ஒருவர்