பைபாஸ் முடிந்தவருக்கு மூன்றாம் மாடியா?

ஐயா,

வெளிநாட்டவர் குறைந்த செலவில் இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள இந்தியா வருவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில், மருத்துவமனைக் கட்டணம் மட்டுமே பேசப்பட்டிருந்தது. 1900-இல் மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை (சிஎம்சி) நம்பி வேலூர் வரும் வங்கதேசத்தவருக்கு அந்தக் கணக்கு பாதிதான். மீதி, காந்தி ரோடு, பாபுராவ் தெரு விடுதிகளில் கரைகிறது.

பைபாஸில், இதய இரத்தக் குழாயின் அடைப்பைத் தாண்டி, காலிலிருந்தோ மார்பின் உட்புறத்திலிருந்தோ எடுத்த இரத்தக் குழாயை இணைப்பதற்காகப் பிளக்கப்படும் நெஞ்செலும்பு, கூடிவரவே 6 முதல் 12 வாரங்கள் ஆகும். ஆனால் மருத்துவமனையிலிருந்து பெரும்பாலும் ஒரு வாரத்தில் அனுப்பிவிடுவார்கள். சென்ற மாதம் ஒரு விடுதியில், தலையணையை நெஞ்சோடு அணைத்து, இருமலை அடக்கியபடி, மூன்றாம் மாடிக்குப் படிப்படியாக நின்று ஏறிய முதியவரைக் கண்டேன். பின்னால் அவர் மனைவி, வாடகைக்கு எடுத்த அடுப்பையும் குக்கரையும் சுமந்து வந்தார். லிப்ட் இல்லை, கீழ்த்தள அறைக்கு இரட்டை வாடகையாம்!

வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிய வேண்டும் என்பதில் காட்டப்படும் கண்டிப்பை லிப்ட் விஷயத்திலும் காட்டலாமே. இதய நோயாளிகளுக்குக் கீழ்த்தள அறை ஒதுக்கவும், அறை வாடகையை வங்காள மொழியிலும் எழுதி வாசலில் வைக்கவும் மாநகராட்சி உத்தரவிட வேண்டும். காட்பாடி ரயில் நிலைய ஆட்டோ கட்டணத்தையும் அவ்வாறே எழுதி வைக்கலாம்.

ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்.