அழிந்த எஸ்.எம்.எஸ்.: ஆப் தேடி ஓட வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திண்டுக்கல்லில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். 'அழிந்த எஸ்.எம்.எஸ்.ஸை ஆப் போட்டு மீட்கலாம்' என்று உங்கள் துணுக்குப் பகுதியில் வந்ததைப் படித்துவிட்டு ஆளாளுக்கு போனை நீட்டுகிறார்கள். போன வாரம் ஒரு கொத்தனார் வந்தார். வீட்டுக்காரர் அட்வான்ஸ் பற்றி அனுப்பிய மெசேஜைக் காணோமாம். அதற்குள் ஒரு ஆப்புக்கு 499 ரூபாய் கட்டியிருந்தார். அது காட்டியதெல்லாம் போனில் ஏற்கெனவே இருந்த மெசேஜ்கள்தான்!

ஆண்ட்ராய்டு போனின் கூகுள் மெசேஜஸ் ஆப்பில் விரல் தவறித் தள்ளினால் மெசேஜ் பெரும்பாலும் அழிவதில்லை, ஒதுக்கி வைக்கும் 'ஆர்க்கைவ்' பகுதிக்குப் போய்விடும். கொத்தனாருடையதும் அங்கேதான் கிடந்தது. ஐபோனில் 2022-இல் வந்த ஐ.ஓ.எஸ். 16 முதல், அழித்தவை 30 நாளாவது 'ரீசன்ட்லி டெலீட்டட்' (அண்மையில் அழித்தவை) பகுதியில் இருக்கும். கூகுள் கணக்கில் பேக்கப் (நகல்) இருந்தாலும், பொதுவாக போனை ரீசெட் செய்து, அதாவது எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் பழையதை இறக்க முடியும். அதற்குள் புது பேக்கப் ஏறியிருந்தால் அதுவும் போச்சு. இன்றைய ஆண்ட்ராய்டு போன்களில் சேமிப்பகமே என்கிரிப்ட் ஆகி, ரகசியக் குறியீடாகப் பூட்டப்பட்டிருக்கிறது. ரூட் செய்யாத (சிஸ்டத்தின் முழு அதிகாரத்தைத் திறந்துவிடாத) போனில் சாதாரண ஆப் எதுவும் அழிந்ததைத் தோண்டி எடுக்காது.

ஆனால் அந்த ஆப்கள் எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் வங்கி ஓ.டி.பி.யும் அவர்கள் கண்ணில் படும். அதைத் துணுக்கில் ஒரு வரி சொல்லியிருக்கலாமே? பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழைக்கச் சொல்லுங்கள். மெசேஜ்தான் வேண்டுமென்றால், அனுப்பியவர் போனில் அது இருக்கிறதா என்று முதலில் கேட்கட்டும்.

– ஒரு வாசகர், திண்டுக்கல்