ஆட்டுரலில் நெளியும் சிக்குன்குனியா

ஆசிரியருக்கு வணக்கம். 2006-இல் சிக்குன்குனியா வந்தபோது எங்கள் ஆச்சி சுவரைப் பிடித்துக்கொண்டுதான் அடுப்படிக்குப் போவாள், காய்ச்சல் நாலு நாளில் இறங்கியும் ஐப்பசி, கார்த்திகை தாண்டி கை மடங்கவில்லை, தோசைக்கரண்டியைக்கூடப் பிடிக்க முடியாமல் அழுதாள்.

1952-இல் ஆப்பிரிக்காவின் தான்சானியாப் பகுதியில் கண்டறியப்பட்ட காய்ச்சல் இது. மூட்டுவலியில் உடம்பு வளைந்துபோவதைச் சொல்லும் மக்கோண்டே மொழிச் சொல்தான் பெயராயிற்று. நம் நாட்டில் 1963-இல் கொல்கத்தா, மறு ஆண்டு சென்னை, 1973-இல் மகாராஷ்டிரத்தின் பார்சி, அப்புறம் முப்பது வருடத்துக்கு மேல் பேச்சே இல்லை. போய்விட்டது என்று நினைத்திருந்தபோதுதான் 2005 கடைசியில் திரும்பி வந்து, அடுத்த ஆண்டு பத்து லட்சம் பேருக்கு மேல் படுக்க வைத்தது. ஒருமுறை வந்தவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி நெடுநாள் இருக்கும், சரி, அதற்குப் பிறகு பிறந்த நம் பிள்ளைகளுக்கு?

போன வாரம் பாளையங்கோட்டையில் எங்கள் கொல்லையில் கிடக்கும் பழைய ஆட்டுரலை எட்டிப் பார்த்தேன், மழைத் தண்ணீரில் கொசுப்புழு நெளிகிறது! இந்தக் காய்ச்சலைப் பரப்புவது கொசுதானே. புகை அடித்தால் பறக்கிற கொசுதான் சாகும். டிரம்மின் உள்சுவரில் ஒட்டிய முட்டை தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் கிடக்கும், ஆகவே வெறுமனே கவிழ்த்தால் போதாது, தேங்காய்நார் போட்டுத் தேய்க்க வேண்டும். வடகிழக்கு மழை வலுப்பதற்குள் இதை வீடு வீடாகச் சொல்ல ஆள் அனுப்புங்கள் என்று உங்கள் பத்திரிகை வழியாக அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

— ஒரு வாசகர், பாளையங்கோட்டை